துடைப்பம் யார் கையில் இருந்தது

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் முடிந்ததும் எழுதப்படும் அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும். கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்ததால் ஒற்றுமை உணர்வு வளர்ந்தது என்பது அந்த வரி. கூடவே ஒரு படம் இருக்கும்: ஊரணிக் கரையில் வரிசையாக நின்று மண் சட்டியைக் கைமாற்றும் பிள்ளைகள். படத்தில் பொய் இல்லை. பிள்ளைகள் உழைத்தார்கள், சட்டியும் கைமாறியது. அன்றைக்கே மதியம் ஒன்றரை மணிக்குப் பந்தியையும் படம் எடுத்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு வரிசை, காலனிப் பிள்ளைகள் இன்னொரு வரிசை. யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை. பஸ்ஸில் தினமும் உட்காருவது போலத் தட்டை வாங்கிக்கொண்டு தாமாகவே போய் உட்கார்ந்தார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்ல முடிவு. ஆனால் தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகளின் வாயிலிருந்து அந்தச் சொல் இன்னும் போகவில்லை. அது குறிக்கும் கோடும் அப்படியே கிடக்கிறது.

சேர்ந்து வேலை செய்தால் போதும், மனசும் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இங்கே சிக்கல். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களை இரண்டு அணிகளாகப் பிரித்து ஒரு கோடை முகாம் நடத்தினார். போட்டிகள் வைத்ததும் இரு அணிக்கும் பகை மூண்டது. அதைத் தணிக்க முதலில் இரு அணியையும் ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தார்கள், சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள். பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் சாப்பாட்டை எறிந்ததுதான் மிச்சம். பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது, சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. இரண்டுமே முகாம் நடத்தியவர்களின் ஏற்பாடு. முன்பு வடம் இழுக்கும் போட்டியில் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி இரு அணியும் ஒரே பக்கம் நின்று இழுத்தன. ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாத வேலை என்று வந்த பிறகே பகை இறங்கியது.

நம் ஊருக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. ஷெரீஃபின் பையன்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பிரிவினை முகாமுக்குள்தான் உண்டாக்கப்பட்டது. நம் பிள்ளைகள் வரும்போதே பிரிந்து வருகிறார்கள், அதுவும் மேல் கீழாகப் பிரிந்து. அதே 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், இரு கூட்டங்கள் பழகுவதால் வெறுப்பு குறைய வேண்டுமானால் என்னென்ன தேவை என்று சொன்னபோது முதலில் வைத்தது சம நிலையை. ஊரணி வேலையில் அந்தச் சம நிலை எங்கே உடைகிறது என்று பார்க்க மேடைப் பேச்சைக் கேட்டுப் பயனில்லை. மண்வெட்டி யார் கையில், சட்டி யார் தலையில், துடைப்பம் யார் கையில் என்று பார்த்தால் போதும்.

எழுபது மணி நேரம்

கல்லூரி மாணவர்கள் வழிகாட்டிகளாக இருந்து, சாதியால் பிரிந்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பதுதான் இங்கே சொல்லப்போகும் திட்டம். அமைதிப் பணிக்கு அவர்கள் புதியவர்கள் இல்லை. வினோபா 1957இல் கேரளத்தில் சாந்தி சேனை என்ற அமைதிப் படையைத் தொடங்கினார். திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில், அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன் சாந்தி சேனையை மாணவர் வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பமானது. இன்றும் ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஆண்டுக்கு 120 என்று வைத்துக்கொண்டால் பயிற்சிக்கு 20, வளாகத்துக்குள் 30, மக்களோடு 70 என்பது வழக்கமான பிரிப்பு. முகாம் இதற்கு மேல் தனி. நமக்கு வேண்டியது அந்த 70. அதை மரக்கன்று, பேரணி, உறுதிமொழி என்று சில்லறையாகக் கரைத்துவிட்டு, அமைதிக்கு என்று அக்டோபர் 2ஆம் தேதி ஓர் ஓவியப் போட்டியை வைப்பதுதான் நடக்கிறது.

70 மணி நேரத்தை 20 சனிக்கிழமைகளாகப் பிரித்தால் ஒரு சனிக்கு மூன்றரை மணி நேரம் வரும். பிள்ளைகள் வருவதற்கு முன் தயாரிப்புக்கு அரை மணி, பிள்ளைகளோடு இரண்டு மணி, அவர்கள் போன பிறகு வழிகாட்டிகள் தங்களுக்குள் பேச ஒரு மணி. ஜூன் நடுவிலிருந்து காலாண்டுத் தேர்வுக்கு முன்பு வரை 12 வாரம், பொங்கல் முடிந்து 8 வாரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத் தேர்வு விடாது. அதனால் எட்டும் ஒன்பதும்தான் சரியான வகுப்புகள். 24 பிள்ளைகள், ஆறு ஆறாக நான்கு குழு, குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகள், திடீரென்று வர முடியாதவர்களுக்குப் பதிலாக இரண்டு பேர். மொத்தம் 10 கல்லூரி மாணவர்கள், பாதி பெண்கள். இல்லம் தேடிக் கல்வியில் ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் என்ற கணக்கு இருந்தது. வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர அது போதும். ஒரு பிள்ளையின் கை எப்போது தயங்குகிறது என்று கவனிக்க அது போதாது.

குழுவைப் பிரிப்பதில்தான் பலர் முதல் வாரமே இடறுகிறார்கள். பிள்ளைகளிடம் சாதி கேட்கக் கூடாது. ஆசிரியரிடம் பட்டியல் கேட்பது அதைவிட மோசம். நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டால் தெருவாரியாகச் சேர்வார்கள். ஒரே டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினால் ஒரு குழுவில் ஒரு தெருப் பிள்ளை தன்னந்தனியாக மாட்டிக்கொள்ளும். தனியாக மாட்டிய பிள்ளை 20 வாரமும் வாய் திறக்காது, அல்லது மூன்றாவது வாரமே நின்றுவிடும். இதற்கு எளிய வழி பஸ் ஸ்டாப். வருகைப் பதிவில் எந்தப் பிள்ளை எந்த ஸ்டாப்பில் ஏறுகிறது என்றும் குறித்துக்கொள்ளலாம். மூன்று ஸ்டாப்புக்கு மூன்று டப்பா வைத்து, எல்லோர் கண்முன்னும் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டிரண்டு சீட்டு எடுத்தால் ஆறு பேர் குழு அமைந்துவிடும், யாரும் தனியாக இருக்க மாட்டார்கள். எந்த ஸ்டாப் என்றால் எந்தத் தெரு என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தாலும் பரவாயில்லை. சீட்டு எடுத்தது தங்கள் கைதான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

வழிகாட்டிகளும் இதே ஊர்களிலிருந்து வருகிறவர்கள்தான் என்பதைத் திட்ட அலுவலர்கள் மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக்கான 20 மணி நேரத்தில் எட்டு மணி நேரமாவது அவர்களுடைய கையையும் போனையும் பற்றிப் பேசச் செலவழிய வேண்டும். சாதியைக் காட்டக் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம், பைக் டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர், ரிங்டோன் எல்லாவற்றையும் பேச வேண்டும். முதல் நாளே பிள்ளைகள் "அண்ணா, உங்க இன்ஸ்டா ஐடி சொல்லுங்க" என்று சூழ்ந்துகொள்வார்கள். ஆசையாகக் கொடுத்துவிட்டு, குருபூஜை அன்று வழிகாட்டி ஒரு ஸ்டேட்டஸ் வைத்தால் பத்து வாரத்து வேலை அந்த இரவே போய்விடும். ஆகவே சொந்த எண் தருவதில்லை, திட்ட அலுவலரிடம் இருக்கும் ஒரே எண்தான் என்பது விதியாக இருக்கட்டும். பிள்ளையோடு வழிகாட்டி தனியாக ஓர் அறையில் இருப்பதில்லை, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதில்லை என்பதும் அதே அளவுக்குக் கறாரான விதி.

நிழற்குடை

எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது? சீமைக் கருவேலம் வெட்டும் வேலை வேண்டாம். முள் ஒரு காரணம், அரிவாள் இன்னொரு காரணம். இந்த மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளை கையில் எந்த வேலைக்காகவும் அரிவாள் வேண்டாம். கோயிலைச் சுற்றிய வேலையும் முதல் ஆண்டில் வேண்டாம், யார் எதுவரை உள்ளே போகலாம் என்ற பிரச்சினை வேலை தொடங்கும் முன்பே எழுந்து நிற்கும். பள்ளிக் கழிப்பறையைப் பிள்ளைகளைக் கொண்டு கழுவவே கூடாது. அந்த வேலை யார் மேல் போய் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாத் தெருவும் புழங்குகிற, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத இடமாகத் தேடினால் பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பேருந்து நிழற்குடையில்தான் வந்து நிற்போம். சண்டைகள் மூளுவதும் அங்கேதான், பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதில் தொடங்கி. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் சில ஊர்களில் நிழற்குடைத் தூணில் சாதிக் கொடியின் நிறம் அடித்திருக்கும். அப்படி இருந்தால் பிள்ளைகள் அதில் கை வைக்கக் கூடாது. அதை அழிப்பது ஊராட்சியும் காவல்துறையும் செய்ய வேண்டிய வேலை. நிறம் இல்லாத நிழற்குடையாக இருந்தாலும் ஊராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும்.

பத்தடி நீளம், ஆறடி அகலம், எட்டடி உயரம், மூன்று பக்கச் சுவர் என்றால் உள்பக்கம் மட்டும் சுமார் 176 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு ஐந்து கிலோ சுண்ணாம்பு தாராளம். அதை வழிகாட்டிகள் வெள்ளிக்கிழமை மாலையே கரைத்து வைத்துவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீர்பட்டுக் கொதிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, துளி நீலமும் கொஞ்சம் கஞ்சிப் பசையும் சேர்த்தால் சாய்ந்து உட்காருகிறவர் சட்டையில் ஒட்டாது. பிள்ளைகள் தோள் உயரம் வரைக்கும்தான் பூச வேண்டும், அதற்கு மேல் வழிகாட்டிகள். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்காக ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக இருக்கட்டும். முதல் வாரம் சுரண்டுவது, இரண்டாம் வாரம் முதல் பூச்சு, மூன்றாம் வாரம் அடுத்தது. பூச்சு காய வேண்டும் என்பதால் ஒரே நாளில் முடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. திரும்பி வந்தே ஆக வேண்டும்.

மூன்று குழு மூன்று சுவரை எடுத்துக்கொள்ளும். நான்காவது குழு எந்த பஸ் எத்தனை மணிக்கு உண்மையில் வருகிறது என்று குறித்துப் பலகை எழுதும். நின்றுபோன பஸ்ஸைத் திரும்ப விடக் கேட்டு ஜனவரி 26 கிராம சபையில் மனு கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை என்பதால் மனுவை அம்மாக்கள் எழுந்து படிக்கட்டும். எந்த அம்மா படிப்பது என்று பேசி முடிவெடுக்கவே இரண்டு சனிக்கிழமை ஆகும், ஆகட்டும்.

ஆறு வேலை, ஆறு முறை

சுவரில் வேலை செய்யும் குழுவுக்கு ஆறு வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சாமான். சுரண்டும் தகடு ஒருவர், உப்புத்தாள் ஒருவர், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஒருவர், குப்பைக் கூடை ஒருவர், துடைப்பம் ஒருவர், தண்ணீரும் விசிலும் ஒருவர். ஆறாவது ஆள் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒரு முறை விசில் ஊத வேண்டும். விசில் கேட்டதும் சாமான் அடுத்த கைக்குப் போகும். ஆறு முறை 15 நிமிடம் என்றால் 90 நிமிடம். மிச்சம் 30 நிமிடம் உட்கார்ந்து பேச. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவது வேண்டாம். ஒரே குடம், ஒரே மாதிரி 24 எவர்சில்வர் தம்ளர். யார் ஊற்றினாலும் எல்லோரும் குடிக்க வேண்டும். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு, வேலை அட்டவணையைச் சுவரில் ஒட்டிக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் ஓர் அப்பா வந்து "எங்க வீட்டுப் பிள்ளை துடைப்பம் பிடிக்கணுமா?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாமல் இருபது வயது வழிகாட்டி முழிப்பார்.

இரண்டு வழிகாட்டிகளில் ஒருவர் வேலையில் இருப்பார். இன்னொருவர் எந்தச் சாமானையும் தொடாமல் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு நிற்பார். இடப்பக்கம் ஆறு வேலை, மேலே ஆறு விசில். எந்த விசிலில் எந்தச் சாமான் யார் கையில் இருந்தது என்று பெயரை மட்டும் எழுத வேண்டும். திருத்தக் கூடாது, கூப்பிட்டு மாற்றவும் கூடாது. பல இடங்களில் இந்த இரண்டாவது ஆளை வீண் என்று நினைத்து வேலைக்கு இறக்கிவிடுகிறார்கள். இந்தத் திட்டமே அந்தத் தாளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் முறைப்படி சாமான் சுற்றினால் ஒவ்வொரு வரிசையிலும் ஆறு வெவ்வேறு பெயர் வர வேண்டும். முதல் சனிக்கிழமையில் அப்படி வருவது அபூர்வம். தகடு வரிசையில் ஆறு பெயர் இருக்கும், ஸ்டூல் வரிசையில் இருக்கும். துடைப்பத்தில் இரண்டு பெயர்தான் இருக்கும், மாறி மாறி. சண்டை நடந்திருக்காது, யாரும் முகம் சுளித்திருக்கக்கூட மாட்டார்கள். விசில் ஊதும்போது ஒரு பையன் தண்ணீர் குடிக்கப் போயிருப்பான், இன்னொருத்தி செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருப்பாள், துடைப்பத்தை வைத்திருந்த பிள்ளை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தானே தொடர்ந்து பெருக்கியிருக்கும். பக்கத்தில் நின்றவருக்குக்கூடத் தெரியாது. தாளில் மட்டும் தெரியும்.

வேலை முடிந்ததும் ஆறு பேரும் வட்டமாக உட்காருகிறார்கள், தாள் நடுவில் தரையில். இங்கேதான் நல்ல மனசு உள்ள வழிகாட்டிகள் கெடுக்கிறார்கள். ஒருவர் "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார். ஆண்டுவிழா மேடையில் பழகிய பிள்ளைகள் "நாம் அனைவரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்று ஒப்பித்துவிடுவார்கள். இன்னொருவர் நேரே "நீ ஏன் துடைப்பத்தை வாங்கல?" என்று கேட்பார். அந்தப் பையன் அன்று அவமானப்படுவான், திங்கட்கிழமை பஸ்ஸில் அதற்கான கணக்கு வேறொரு பிள்ளை மேல் தீர்க்கப்படும். மூன்றாமவர் துடைப்பம் பிடித்த பிள்ளையைப் பார்த்து "உனக்கு எப்படி இருந்துச்சு பாப்பா?" என்று கனிவாகக் கேட்பார். மூன்றிலும் கொடுமையானது இதுதான். பட்டதை எல்லோர் முன்னும் எடுத்துச் சொல்லும் பாரத்தையும் அந்தப் பிள்ளை தலையிலேயே வைக்கிறோம்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "இந்தக் கட்டத்துல என்ன தெரியுது?" கேட்டுவிட்டு மனசுக்குள் இருபது வரை எண்ண வேண்டும். இருபது எண்ணும் நேரம் வழிகாட்டிக்கு ரொம்ப நீளமாக இருக்கும், பேசிவிடத் தோன்றும். பேசக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை விரலை வைத்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கும். "தகடுல எல்லாரும் இருக்கோம்." அப்புறம் விரல் கீழே வரும், துடைப்பத்தில் நிற்கும். "அவ தான் குடுக்கல" என்று ஒருவன் சொல்வான். "நீ கேக்கவே இல்ல" என்று பதில் வரும். அந்த இரண்டு வாக்கியம் போதும், அன்றைக்கு அதற்கு மேல் தோண்ட வேண்டாம். மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம், கை குலுக்க வைக்க வேண்டாம். அடுத்த கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும்: "அடுத்த வாரம் விசில் ஊதும்போது என்ன பண்ணலாம்?" பிள்ளைகளே வழி சொல்வார்கள். சாமானை நேராகக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் ஓரிடம் தள்ளி நிற்பது என்று ஒரு குழு முடிவு செய்யும். துடைப்பத்திலிருந்து சுற்றைத் தொடங்குவது என்று இன்னொரு குழு. எந்த வழியானாலும் அவர்கள் சொன்னதையே எழுதி ஒட்ட வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் அந்த வரிசையில் ஐந்து பெயர் வந்திருந்தால் அதுவே பெரிய நகர்வு. ஆறு வராத வாரமும் வரும், ஊரில் கோயில் கொடை, கல்யாணம், பழைய பகை ஏதாவது கிளறப்பட்டிருக்கும். தாள் அதையும் காட்டிக்கொடுக்கும்.

எங்கே நிறுத்த வேண்டும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளில் சமூக நீதி மாணவர் படை என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. இப்படிப்பட்ட கொடுமைகளைச் சனிக்கிழமை வட்டத்தில் பேசித் தீர்த்துவிடலாம் என்று எந்த வழிகாட்டியும் நினைக்கக் கூடாது. அடி, மிரட்டல், சாதிப் பெயர் சொல்லி வசவு என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரக்கூடிய விஷயம். அன்றே தலைமை ஆசிரியருக்கும் திட்ட அலுவலருக்கும் எழுத்தில் போக வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும். இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் செய்வது கட்டப்பஞ்சாயத்து. அமைதி என்ற பெயரில் அடிபட்டவரை வாய் மூட வைப்பது அது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று பிள்ளை கேட்டால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. யாரிடம் சொல்லப்போகிறோம், ஏன் சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளையிடமே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு காயம் வழிகாட்டிகளாலேயே வருகிறது. செமஸ்டர் தேர்வு வந்ததும் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் இரண்டு வாரம் கேட்டில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். முதல் சனிக்கிழமையே ஒரு சார்ட்டில் 20 கட்டம் வரைந்து, ஒவ்வொரு வாரமும் ஒன்றை அடித்துக்கொண்டு வந்தால் முடியும் நாள் எல்லோருக்கும் தெரியும். தொண்டர்களுக்கு இரண்டு ஆண்டு என்ற விதி இங்கே நல்ல உதவி. குழுவுக்கு இருக்கும் இருவரில் ஒருவர் இரண்டாம் ஆண்டு, இன்னொருவர் முதலாம் ஆண்டு என்று வைத்தால், இந்த ஆண்டு கட்டம் எழுதியவர் அடுத்த ஆண்டு வட்டத்தை நடத்துவார். பிள்ளைகளுக்கு ஒரு முகமாவது பழகிய முகமாக இருக்கும்.

இருபதாவது சனிக்கிழமை விழா வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். பள்ளிச் சமையல் கூடத்திலேயே, வழக்கமாகச் சமைக்கும் அம்மாவைக் கொண்டே, ஒன்றேகால் கிலோ கொண்டைக்கடலையை ஊறப்போட்டுச் சுண்டல் செய்தால் 34 பேருக்கும் போதும். சாப்பிட்டு முடித்ததும் 20 வாரத் தாள்களையும் ஒரு ஃபைலில் வரிசையாகக் கோத்து, கடைசிப் பக்கத்தை வெற்றாக விட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் வரப்போகும் அக்கா அண்ணன்மாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ எழுதட்டும். அவர்கள் எழுதுவது பெரும்பாலும் வேலையைப் பற்றித்தான் இருக்கும். விசில் சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிறது. துடைப்பம் தேய்ந்து குட்டையாகிவிட்டது, புதுசு வாங்கவும்.